மூளை முடக்குவாதம்: மாறாத பாதிப்பும் மாறிக்கொண்டே இருக்கும் உடலும்

மூளை முடக்குவாதம் ஒரே காரணத்தால் வரும் ஒரே நோய் அன்று. குழந்தை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள்ளோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்படும் பாதிப்பினால் கைகால்களை அசைப்பதிலும் உடலை நேராக நிறுத்திவைப்பதிலும் நிலையான குறைபாடு உண்டாகும் பல நிலைகளுக்குச் சேர்த்து வழங்கும் பெயர் அது. ஒரு குழந்தை சற்றே விந்தி நடந்து தானாகவே பள்ளிக்குப் போய்வரலாம்; இன்னொரு குழந்தைக்குக் கழுத்தே நிற்காமல் இருக்கலாம். இருவருடைய மருத்துவச் சீட்டிலும் எழுதப்படுவது இதே பெயர்தான். ஆகவே, "இந்த நோய்க்கு என்ன சிகிச்சை?" என்று கேட்டால் யாராலும் ஒற்றை விடை சொல்ல முடியாது. "இந்தக் குழந்தைக்கு இப்போது எது கைகூட வேண்டும்?" என்று கேட்டால்தான் பேச்சு நகரும்.

மறுவாழ்வுப் பயிற்சி ஏன் ஆண்டுக்கணக்கில் தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதுமில்லை, பரவுவதுமில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீள நீள, அதைப் பற்றியிருக்கும் தசையும் நீள வேண்டும். ஓடி, ஆடி, நீட்டி, மடக்கித் தசை இழுபடுவதால்தான் அது எலும்போடு சேர்ந்து வளர்கிறது. எந்நேரமும் இறுகியிருக்கும் தசைக்கு அந்த இழுப்பு போதிய அளவு கிடைப்பதில்லை. எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்கிவிடுகிறது. நான்கு வயதில் நுனிக்காலில் நடந்த பிள்ளை பத்து வயதில் முழங்காலை மடித்துக் குனிந்து நடக்கத் தொடங்குவது இதனால்தான். நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் கலங்குகிறார்கள். உண்மையில் மூளையின் பாதிப்பு இருந்த அளவிலேயே இருக்கிறது, உடலில் அதன் விளைவுதான் கூடியிருக்கிறது. இந்த இரண்டாம்கட்ட விளைவுகளைத் தடுப்பதும், மூளை புதியவற்றை எளிதில் பழகிக்கொள்ளும் முதல் சில ஆண்டுகளில் குழந்தைக்கு வேண்டிய செயல்களைப் பழக்குவதுமே மறுவாழ்வின் பெரும்பகுதி வேலை.

காரணங்களைப் பற்றி மருத்துவ உலகம் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறது. லண்டனைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், 1860-களின் தொடக்கத்தில், கடினமான பிரசவத்துக்கும் குறைமாதப் பிறப்புக்கும் குழந்தைகளின் கைகால் இறுக்கத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாக எடுத்துரைத்தார். வெகுகாலம் இது லிட்டில் நோய் என்றே அழைக்கப்பட்டது. பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்ட் அதற்கு முன் நரம்பியல் மருத்துவராக இருந்தவர். 1897இல் அவர் வெளியிட்ட நூலில், பிரசவம் சிக்கலாவதே கருவில் முன்னரே ஏற்பட்ட கோளாற்றின் அடையாளமாக இருக்கக்கூடும் என்ற மாற்றுக் கருத்து இருக்கிறது. 1980-களில் நடந்த பெரிய ஆய்வுகள் ஃபிராய்டின் பக்கமே சாய்ந்தன. வளர்ந்த நாடுகளில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ இருவருக்கு இந்நிலை காணப்படுகிறது. அவர்களுள் பிரசவ நேர மூச்சுத்திணறலை மட்டுமே காரணமாகக் காட்டத்தக்கவர்கள் சிறு பகுதியினரே. குறைமாதப் பிறப்பு, கருவில் ஏற்படும் தொற்று, இரட்டைக் கரு, மூளைக்கு இரத்தம் செல்லும் குழாயில் அடைப்பு, மரபணு மாற்றம் எனப் பல காரணங்கள் தனித்தோ சேர்ந்தோ வேலை செய்கின்றன.

நம் நாட்டில் நிலைமை சற்று வேறு. பிறந்தவுடன் அழாத குழந்தைகள், கடும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் ஆகிய தடுக்கத்தக்க காரணங்கள் இங்கே இன்னும் பெரும்பங்கு வகிக்கின்றன. 32 வாரத்துக்கு முன் பிரசவம் நேரும் நிலையில் தாய்க்கு மக்னீசியம் சல்பேட் கொடுப்பதும், நிறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறலால் பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலைப் பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி 72 மணி நேரம் அப்படியே வைத்திருப்பதும் மூளையின் பாதிப்பைக் குறைக்கின்றன. காலை இளவெயிலில் காட்டினால் போதும் என்று கடும் காமாலையை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பது ஆபத்தானது; மருத்துவமனையின் நீலவிளக்குச் சிகிச்சை பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. கிரகணத்தின்போது வெளியே வந்தாள், கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டாள், இதைத் தூக்கினாள் என்று தாயின்மேல் பழிபோடுவதற்கோ எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பழிக்கு அஞ்சிக் குழந்தையை வெளியே காட்டாமல் வைத்திருந்த குடும்பங்களில், பயிற்சிக்கு மிகப் பயன்பட்டிருக்க வேண்டிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வீணாகிப்போகின்றன.

மூன்று நான்கு மாதங்களில் கழுத்து நிற்காமை, ஒன்பது மாதமாகியும் உட்காராமை, தூக்கி நிறுத்தும்போது கால்கள் கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுவது, நான்கு மாதத்துக்குப் பின்னும் கை எப்போதும் மூடியே இருப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கைப் பிரசவத் தேதியாக முதலில் குறித்துக் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். எளிதில் தவறவிடப்படும் அறிகுறி ஒன்று உண்டு. ஒரு வயது நிறையும் முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், இடக்கைப் பழக்கம் போலிருக்கிறது என்று வீட்டில் மகிழ்ந்துவிடுகிறார்கள்; அந்த வயதில் கைப்பழக்கம் தோன்றுவதே இயல்பன்று என்பதால், மற்றக் கை ஏன் ஓய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நோயை உறுதிசெய்ய இரண்டு வயதுவரை காத்திருந்த காலம் இப்போது இல்லை. பிறந்த மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் இயல்பான அசைவுகளைக் காணொளியாக எடுத்து ஆராயும் முறை, நரம்பியல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் கணித்துவிட முடிகிறது. "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற ஆறுதல், யார் சொன்னாலும், இந்த விஷயத்தில் ஏற்கத்தக்கதன்று. சந்தேகம் இருக்கும்போதே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். பிறகு சந்தேகம் பொய்த்துப்போனால் யாருக்கும் நட்டமில்லை.

வகைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெரும்பான்மையோருக்கு, அதாவது நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு, தசை இறுக்கமே முதன்மையானது. அது ஒரு பக்கக் கைகாலையோ, இரு கால்களையோ, நான்கு கைகால்களையுமோ பற்றியிருக்கலாம். சிலருக்குத் தாமாகவே முறுக்கி நெளியும் அசைவுகள் இருக்கும்; கடும் காமாலையால் பாதிக்கப்பட்டவர்கள் பலர் இந்த வகையினர். மிகச் சிலருக்குத் தள்ளாட்டமே முதன்மை.

குடும்பத்துக்கு இந்த வகைப்பாட்டைவிடப் பயன்படுவது, குழந்தை என்ன செய்கிறது என்பதைக்கொண்டு நிலைகளைப் பிரிக்கும் முறைதான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு 1997இல் வெளியிட்ட ஐந்து நிலை அளவுகோல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. முதல் நிலைக் குழந்தை எங்கும் நடக்கும், ஓடும். வேகத்திலும் சமநிலையிலும் மட்டும் குறை இருக்கும். இரண்டாம் நிலையில் மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டும். மூன்றாம் நிலையில் வாக்கர் போன்ற கைக்கருவி வேண்டும். நான்காம் நிலையில் பெரும்பாலும் சக்கர நாற்காலி, ஐந்தாம் நிலையில் தலையையும் உடலையும் தாங்கவே பிறர் துணை. அதே நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியான ஆய்வு, இக்குழந்தைகள் தங்கள் உடலசைவுத் திறனில் எட்டக்கூடிய அளவின் 90 விழுக்காட்டை ஐந்து வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள் என்று காட்டியது. ஐந்தாம் நிலைக் குழந்தைகளுக்கு அது மூன்று வயதுக்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

இதைப் பெற்றோரிடம் சொல்லப் பல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். ஆனால் சொல்லாமல் விடுவதன் கேடு பெரிது. நான்காம் நிலையில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளையை எப்படியாவது நடக்கவைத்துவிட வேண்டும் என்று ஊர் ஊராக அழைத்துக்கொண்டு திரியும் குடும்பத்தில், அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல சக்கர நாற்காலியும் கிடைப்பதில்லை, பள்ளியும் கிடைப்பதில்லை. நடை வருமா என்ற கேள்வி எந்தத் தாய்க்கும் எழக்கூடியதே. அது ஒன்று மட்டுமே கேள்வியாகிவிடும்போதுதான், தானே சாப்பிடுவது, கழிப்பறைத் தேவையைச் சொல்வது, நண்பனோடு விளையாடுவது போன்ற கைக்கெட்டும் இலக்குகள் கண்ணில் படாமல் போகின்றன.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதில் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. முன்பெல்லாம் குழந்தையைப் படுக்கவைத்து, பிசியோதெரபிஸ்ட் அதன் கைகால்களை மடக்கி நீட்டுவதே சிகிச்சையாக இருந்தது. குழந்தை தன் முயற்சியால் செய்யும் அசைவைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. பிறர் அசைத்துவிடும் அசைவால் அது கற்றுக்கொள்வது மிகக் குறைவு. ஆகவே இப்போது, குழந்தைக்கு விருப்பமும் தேவையும் உள்ள ஒரு செயலைத் தேர்ந்து, அதைச் சிறுசிறு படிகளாக்கி, உண்மையான சூழலிலேயே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். டம்ளரைப் பிடித்துக் குடிக்கப் பழக வேண்டுமானால் டம்ளரில்தான் பழக வேண்டும். ரப்பர் பந்தை அமுக்குவதால் அது வந்துவிடாது. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு, நன்றாக இருக்கும் கையைச் சில வாரங்களுக்கு நாள்தோறும் சில மணி நேரம் கையுறையிட்டு ஓய்வில் வைத்து, மற்றக் கையை விளையாட்டில் ஈடுபடுத்தும் முறையும், இரு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் விளையாட்டுகளைத் தொடர்ந்து தரும் முறையும் நல்ல பலன் தருவது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு முறை நாற்பது நிமிடம் என்பதே இங்குப் பல குழந்தைகளுக்குக் கிடைக்கும் பயிற்சி. எஞ்சிய நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. எனவே, எப்படித் தூக்குகிறோம், எப்படி உட்காரவைக்கிறோம், எப்படி ஊட்டுகிறோம் என்பவையே சிகிச்சையின் பெரும்பகுதியாகிவிடுகின்றன. நம் ஊர்களில் குழந்தையை இடுப்பில் காலை அகட்டி உட்காரவைத்துத் தூக்கும் வழக்கம் இந்த வகையில் ஒரு கொடை: ஒட்டிக்கொள்ளும் தொடைகள் விலகியிருக்கின்றன, முதுகு நிமிர்கிறது, குழந்தை உலகத்தைப் பார்க்கிறது. கைக்குழந்தையைப்போல மல்லாத்தி இரு கைகளில் ஏந்திச் செல்லும்போது இவை எதுவும் நடப்பதில்லை. நாள் முழுவதும் பாயில் படுக்கப்போடப்படும் பிள்ளைக்கு இடுப்பும் முதுகெலும்பும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்கின்றன. உள்ளூர்த் தச்சர் செய்துதரும் மூலை நாற்காலி, சுருட்டிய சேலையோ போர்வையோ அணையாகக் கொடுத்த இருக்கை, நிற்கவைக்கும் சட்டகம் ஆகியவற்றால் நிலையை மாற்றிக்கொண்டே இருந்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம்.

ஊட்டுவதில் கூடுதல் கவனம் வேண்டும். குழந்தையை மடியில் மல்லாத்தி, தலை பின்னே தொங்க, பாலாடையால் வாயில் ஊற்றும் பழக்கம் விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு மிக ஆபத்தானது. தலை பின்னோக்கிச் சாயும்போது மூச்சுக்குழல் திறந்து, பால் நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். அடிக்கடி வரும் சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் பல வீடுகளில் காரணம் இதுவே. உடலை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றே கீழ்நோக்கியிருக்க, எதிரே கண்மட்டத்தில் அமர்ந்து, சிறு கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ஒரு வாய் விழுங்கியதை உறுதிசெய்த பின்பே அடுத்த வாயை ஊட்ட வேண்டும். தண்ணீர், ரசம் போன்றவை தொண்டையில் விரைந்து இறங்குவதால் புரையேறுகிறது. அதே குழந்தை கெட்டியான கேழ்வரகுக் கூழையும் மசித்த பருப்புச் சாதத்தையும் பாதுகாப்பாக விழுங்கலாம். ஒவ்வொரு வேளையும் அரை மணிக்கு மேல் இழுத்தாலோ, எடை கூடாமல் நின்றாலோ, விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். தேவையானால் வயிற்றுக்கு நேரடியாகக் குழாய் வைக்கிறார்கள். தோல்வி என்று பெற்றோர் கருதும் அந்தக் குழாய் பல குழந்தைகளுக்கு எடையையும் தெம்பையும் திருப்பித் தந்திருக்கிறது.

வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் கேடு இடுப்பு மூட்டில்தான். தொடையை உள்ளே இழுக்கும் தசைகளின் இறுக்கத்தால் தொடையெலும்பின் தலை மூட்டுக்குழியிலிருந்து மெல்ல மெல்ல வெளியேறுகிறது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு இந்த நகர்வு ஏற்படுகிறது. முதல் நிலையில் ஏறத்தாழ யாருக்கும் இல்லை, ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்டு. தொடக்கத்தில் வலி இருக்காது என்பதால் எக்ஸ்-ரே எடுத்தால்தான் தெரியும். தெற்கு சுவீடனில் 1994 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் குறித்த காலத்தில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, நகர்வு தொடங்கியதுமே சிறு அறுவைச் சிகிச்சை செய்யும் ஏற்பாடு வந்தபின், மூட்டு முழுதாக விலகுவது அங்கே மிக அரிதாகிவிட்டது. நடக்காத குழந்தைக்கு இரண்டு வயதுவாக்கில் இடுப்பு எக்ஸ்-ரே எடுக்கப்பட்டதா என்று பெற்றோரே கேட்கலாம். செலவு குறைந்த இந்தச் சோதனை நம்மிடையே ஏன் இன்னும் வழக்கமாகவில்லை என்பது வியப்பாகவே இருக்கிறது.

இறுக்கத்தைக் குறைக்கும் மருத்துவ வழிகள் பயிற்சிக்குத் துணைநிற்பவையே. போட்டுலினம் ஊசி குறிப்பிட்ட தசையை மூன்று நான்கு மாதங்களுக்குத் தளர்த்தும். அந்த இடைவெளியில் பயிற்சியும் கணுக்காலையும் பாதத்தையும் நேராகப் பிடித்துவைக்கும் தாங்கியும் இல்லையென்றால் ஊசி போட்ட பயன் பெரும்பாலும் கிட்டாது. பாக்லோஃபென் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் பன்மடங்காகத் திரும்பும், வலிப்பும் வரலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரையை எடுத்துச் செல்ல மறக்கக் கூடாது. தசைநாண் நீட்டும் அறுவைச் சிகிச்சையைப் பெரும்பாலும் சற்று வளர்ந்த பின், தேவையான எல்லா இடங்களிலும் ஒரே முறையில் செய்துவிடுவது இன்றைய வழக்கம். அதன்பின் பல மாதப் பயிற்சி உண்டு.

குருத்தணு (ஸ்டெம் செல்) சிகிச்சையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இரத்தம் தொடர்பான சில நோய்களுக்கான குருத்தணு மாற்றைத் தவிர மற்ற எதற்கும் அது சிகிச்சை அன்று, ஆராய்ச்சி மட்டுமே. ஆராய்ச்சியில் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே, லட்சக்கணக்கில் பணம் கேட்டு மூளை முடக்குவாதத்தைக் குணமாக்குவதாகச் சொல்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

இக்குழந்தைகளில் நால்வரில் மூவருக்கு ஏதேனும் ஒரு வலி இருக்கிறது. நால்வரில் ஒருவருக்கு வலிப்பு. நால்வரில் ஒருவருக்குப் பேச்சு இல்லை. பேச்சில்லாமையை அறிவின்மை என்று கொள்வதே இவர்களுக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு எதுவுமில்லை. கண்ணசைவு, படப்பலகை, தொட்டால் பேசும் கருவி என்று வெளிப்பாட்டுக்கு ஏதேனும் ஒரு வழியைச் சிறு வயதிலேயே அமைத்துத்தர வேண்டும். அப்படிக் கருவியைக் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. படங்களைத் தொட்டால் பேசும், தமிழிலும் பயன்படுத்தக்கூடிய ஆவாஸ் செயலி, சென்னையில் இத்தகைய குழந்தைகளோடு பணியாற்றும் வித்யாசாகர் நிறுவனத்தின் துணையோடு உருவானது. 1985இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனமும், 1981 முதல் தென்காசி அருகே ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கமும் தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடிகள். ஆய்க்குடியின் பணியாளர்கள் கிராமங்களுக்கே சென்று வீடுகளில் பயிற்சி தருகிறார்கள். சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் செயல்படுகிறது. ஆறு வயதுக்குள்ளான குழந்தையை முதலில் அழைத்துச் செல்ல வேண்டிய இடம் அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. பள்ளிக்கு வர இயலாதவர்களுக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வந்து பயிற்சி அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிராமயா காப்பீடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பயிற்சிச் செலவு உட்பட மருத்துவச் செலவை ஏற்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால்தான் இவற்றுள் பலவும் கிடைக்கும் என்பதால், கணிப்பு உறுதியானதும் முதலில் செய்ய வேண்டிய எழுத்துவேலை அதுதான்.

இத்தனை பொறுப்பும் பெரும்பாலும் தாய் ஒருவர்மேல் விழுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தினமும் பலமுறை தூக்கி இறக்கும் தாய்க்கு முதுகுவலி வருவது உறுதி. அவர் படுத்துவிட்டால் பிள்ளையின் பயிற்சியும் நின்றுவிடும். தந்தை, பாட்டி, அக்கா எனக் குறைந்தது இன்னொருவராவது ஊட்டவும் தூக்கவும் முறையாகக் கற்றுக்கொள்வதைப் பயிற்சித் திட்டத்தின் பகுதியாகவே எழுதிவைக்க வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நெருங்கும்போது சட்டப் பாதுகாவலர் பற்றிய கேள்வி எழும். அறிவுத்திறன் பாதிக்கப்படாதவர் மற்ற எவரையும் போலத் தம் வங்கிக் கணக்கைத் தாமே நடத்தலாம், வாக்களிக்கலாம், ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்; கையெழுத்திட முடியாதது ஒரு தடையன்று, கைநாட்டு போதும். தாமாக முடிவெடுக்க இயலாத நிலையில் இருப்பவருக்கு மட்டும், தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அமைந்த, மாவட்ட ஆட்சியர் உறுப்பினராக உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பெற்றோரோ உறவினரோ பாதுகாவலராக நியமனம் பெறலாம். பெற்றோர் இருவரும் நலமாக இருக்கும் காலத்திலேயே, தங்களுக்குப் பின் யார் என்பதையும் சேர்த்து, இந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.